கூட்டத்தில் நிற்கும்போது நம் கால்கள் ஏன் நகர்வதில்லை?

கடந்த ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து எல்லோரும் பள்ளிவாசலிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தோம். படிக்கட்டு அருகே செருப்பைத் தேடிக்கொண்டிருந்த ஒரு பெரியவர், சுவரைப் பிடித்தபடியே மெல்லச் சரிந்து உட்கார்ந்துவிட்டார். தலை தொங்கியிருந்தது. சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

நான் பார்த்தேன். என் பக்கத்தில் நின்றவரும் பார்த்தார். இன்னும் இருபது முப்பது பேராவது பார்த்திருப்பார்கள். கூட வந்த மகனோ பேரனோ உள்ளே இருப்பான், வந்துவிடுவான் என்று நினைத்துக்கொண்டேன். வெயிலுக்குக் களைப்பாக உட்கார்ந்திருப்பார் என்றும் தோன்றியது. சுற்றியிருந்தவர்கள் யாரும் பதறவில்லை. எனவே பதற ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொண்டேன். இப்படியே இரண்டு நிமிடம் போயிருக்கும்.

அப்போது சமோசா கூடையோடு வந்த ஒருவர், கூடையைத் தரையில் வைத்துவிட்டு அவர் முன் குனிந்து, "என்ன பாய், என்ன செய்யுது?" என்று கேட்டார். அவ்வளவுதான். அடுத்த நொடி பத்துப் பேர் சூழ்ந்துவிட்டார்கள். ஒருவர் தண்ணீர் கொண்டு வந்தார், ஒருவர் தோள்துண்டால் விசிறினார், ஒருவர் ஆட்டோவை நிறுத்தினார். பெரியவர் சர்க்கரை நோயாளி. காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டுச் சரியாகச் சாப்பிடாமல் வந்திருக்கிறார். அவர் தனியாகத்தான் வந்திருந்தார் என்பதும் அப்புறம்தான் தெரிந்தது. அல்ஹம்துலில்லாஹ், சர்க்கரைத் தண்ணீர் உள்ளே போனதும் தெளிந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகும் எனக்கு மனம் ஆறவில்லை. நாங்கள் எல்லோரும் அப்போதுதான் தொழுதுவிட்டு வந்தவர்கள். அந்தக் கூட்டத்தில் ஈரமில்லாத நெஞ்சம் என்று யாரையும் சொல்ல முடியாது. ஒருவர் முன்வந்ததும் பத்துப் பேர் ஓடினார்களே! அப்படியென்றால் அந்த இரண்டு நிமிடம் எங்களைப் பிடித்து நிறுத்தியது எது?

இந்தக் கேள்வியை உளவியல் ஆய்வாளர்கள் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆராய்ந்து வருகிறார்கள். அவர்கள் கண்டறிந்தவை நம் வீடுகளில் பேசப்பட வேண்டியவை. ஏனென்றால் நாளை படியில் சரிவது நம் அத்தாவாகவோ உம்மாவாகவோ இருக்கலாம்.

நியூயார்க்கில் ஓர் இரவு

1964 மார்ச் 13, அதிகாலை மூன்று மணி இருக்கும். நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில், வேலை முடிந்து வீடு திரும்பிய கிட்டி ஜெனோவீஸ் என்ற 28 வயதுப் பெண் தன் குடியிருப்பின் அருகிலேயே கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். இரண்டு வாரம் கழித்து நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் முதல் பக்கத்தில் ஒரு செய்தி வெளியிட்டது. 38 பேர் அரை மணி நேரத்துக்கும் மேலாக அந்தக் கொலையைச் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்றும், தாக்குதல் நடந்தபோது ஒருவர்கூடக் காவல்துறையை அழைக்கவில்லை என்றும் அது சொன்னது. அமெரிக்காவே அதிர்ந்தது. 'நகரவாசிகளின் மனம் கல்லாகிவிட்டது' என்று எங்கும் பேச்சு.

இந்தக் கதை இன்றும் அப்படியே பல இடங்களில் சொல்லப்படுகிறது. ஆனால் அது முழு உண்மையல்ல. முழுத் தாக்குதலையும் கண்ணால் பார்த்த 38 பேர் அங்கே இல்லை. பலர் காதில் ஏதோ சத்தம் விழுந்தது, அவ்வளவே. ஒருவர் சன்னலைத் திறந்து அதட்டியதும் கொலையாளி முதலில் விலகி ஓடினான். திரும்பி வந்து அவன் தாக்கிய இடமோ கட்டடத்தின் உட்புறம், பெரும்பாலான சன்னல்களிலிருந்து பார்க்க முடியாத இடம். பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் ஓடி வந்து, உயிர் பிரியும் நேரத்தில் கிட்டியைத் தன் கைகளில் தாங்கியிருந்தார். செய்தியில் கோளாறு இருந்ததை அந்த நாளிதழே 2016-ல் ஒப்புக்கொண்டது.

செய்தி மிகைப்படுத்தப்பட்டது என்றாலும் அதனால் ஒரு நன்மை விளைந்தது. ஜான் டார்லி, பிப் லத்தானே என்ற இரண்டு இளம் ஆய்வாளர்கள், 'மனம் கல்லாகிவிட்டது' என்ற விளக்கத்தை ஏற்கவில்லை. பலர் இருந்தும் உதவவில்லையா, அல்லது பலர் இருந்ததாலேயே உதவவில்லையா என்று அவர்கள் கேட்டார்கள்.

அறைக்குள் புகை வந்தபோது

அவர்கள் செய்த சோதனைகள் எளிமையானவை. 1968-ல் வெளியான ஒன்றைப் பாருங்கள். ஒரு மாணவரை அறையில் உட்கார வைத்து ஒரு படிவத்தை நிரப்பச் சொல்வார்கள். சற்று நேரத்தில் சுவரில் உள்ள துவாரம் வழியாக அறைக்குள் புகை வரத் தொடங்கும்.

தனியாக இருந்தவர்களில் நான்கில் மூன்று பேர் எழுந்து போய்ச் சொன்னார்கள். நாமும் அதைத்தான் செய்வோம்.

அடுத்து, அதே அறையில் இன்னும் இருவரை உட்கார வைத்தார்கள். அந்த இருவரும் ஆய்வாளர்களின் ஆட்கள். புகையைப் பார்த்தாலும் தோளைக் குலுக்கிவிட்டு எழுதிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. இப்படி அவர்களோடு உட்கார்ந்த பத்து மாணவர்களில் ஒரே ஒருவர்தான் வெளியே போய்ச் சொன்னார். மற்ற ஒன்பது பேரும் இருமிக்கொண்டும், கண்ணைக் கசக்கிக்கொண்டும், முகத்துக்கு நேரே வரும் புகையைக் கையால் விலக்கிக்கொண்டும் படிவத்தை நிரப்பினார்கள்! பிறகு கேட்டபோது, ஏசியிலிருந்து வரும் ஆவி என்று நினைத்ததாக ஒருவர் சொன்னார். உண்மையைப் பேச வைக்கும் வாயுவோ என்று நினைத்தவர்களும் உண்டு. நெருப்பாக இருக்கலாம் என்பதை மட்டும் அவர்கள் மனம் ஒதுக்கி வைத்திருந்தது.

மூன்று பேரும் நடிக்காத, உண்மையான மாணவர்களாக இருந்தபோதும் நிலைமை பெரிதாகத் தேறவில்லை. எட்டுக் குழுக்களில் மூன்றில்தான் யாராவது ஒருவர் எழுந்து போனார். இங்கே நடந்ததைக் கவனியுங்கள். ஒவ்வொருவருக்கும் உள்ளுக்குள் பயம். ஆனாலும் வெளியே பதற்றத்தைக் காட்டினால் மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்று முகத்தை இயல்பாக வைத்துக்கொள்கிறார்கள். அதோடு ஓரக்கண்ணால் அடுத்தவர் முகத்தைப் பார்க்கிறார்கள். அந்த முகமும் இயல்பாக இருக்கிறது. 'அவரே சும்மா இருக்கிறார், அப்படியானால் ஒன்றுமில்லை' என்று முடிவு செய்கிறார்கள். மூன்று பேரும் ஒருவரையொருவர் ஏமாற்றிக்கொள்கிறார்கள், ஏமாற்றுகிறோம் என்ற எண்ணமே இல்லாமல்.

பள்ளிவாசல் படியில் எனக்கு நடந்ததும் இதுவே. நான் பெரியவரைப் பார்த்ததைவிட என்னைச் சுற்றி நின்றவர்களின் முகங்களைத்தான் அதிகம் பார்த்தேன்.

இன்னொரு சோதனையில் முகங்களே இல்லை. மாணவர்கள் தனித்தனி அறைகளில் இருந்து மைக் வழியாகப் பேசுவார்கள். பேச்சின் நடுவே ஒருவருக்கு வலிப்பு வருவதுபோல் குரல் திணறும். அது முன்பே பதிவு செய்த குரல் என்பது மாணவர்களுக்குத் தெரியாது. தானும் நோயாளியும் மட்டுமே இணைப்பில் இருக்கிறோம் என்று நம்பியவர்களில் 85 சதவீதம் பேர், அந்தக் குரல் அடங்குவதற்குள் உதவி தேடி வெளியே வந்தார்கள். இன்னும் நான்கு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நம்பியவர்களில் அப்படி வந்தவர்கள் 31 சதவீதம் மட்டுமே.

வராதவர்கள் அலட்சியமாக இருந்தார்களா என்றால், இல்லை. ஆய்வாளர் அறைக்குள் போனபோது பலருக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது, உள்ளங்கை வியர்த்திருந்தது. "அவருக்கு ஒன்றும் ஆகவில்லையே?" என்று அவர்களே கேட்டார்கள். போவதா வேண்டாமா என்று முடிவெடுக்க முடியாமல் தவித்தபடி உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள். மற்றவர்கள் இருந்ததால்தான் போகவில்லையா என்று ஆய்வாளர்கள் பலவிதமாகக் கேட்டுப் பார்த்தார்கள். அது தங்களைப் பாதிக்கவே இல்லை என்றுதான் பதில் வந்தது. சூழல் நம்மை எப்படி இயக்குகிறது என்பது நமக்கே தெரிவதில்லை.

பங்கு போட முடியாத கடமை

இந்த இரண்டாவது சோதனை காட்டியதை ஆய்வாளர்கள் 'பொறுப்புச் சிதறல்' என்று அழைக்கிறார்கள். தனியாக இருந்தால் பொறுப்பு முழுவதும் என் தலையில். ஐந்து பேர் இருந்தால் ஐந்தில் ஒரு பங்குதான் என்று மனம் கணக்குப் போடுகிறது. ஐம்பது பேர் என்றால் ஒன்றுமே மிஞ்சுவதில்லை.

இதைப் படித்தபோது எனக்கு நம் மத்ரஸா பாடத்தில் வரும் ஃபர்ளு கிஃபாயா நினைவுக்கு வந்தது. ஜனாஸா தொழுகை அதற்கு எல்லோரும் அறிந்த எடுத்துக்காட்டு. ஊரில் சிலர் நிறைவேற்றிவிட்டால் மற்றவர்கள் மீதிருந்த கடமை நீங்கிவிடும். யாருமே நிறைவேற்றாவிட்டால் அறிந்திருந்த அனைவரும் குற்றவாளிகள். இதன் முதல் பாதியை நாம் நன்றாக நினைவில் வைத்திருக்கிறோம். இரண்டாவது பாதியில்தான் விஷயம் இருக்கிறது. அந்தக் கணக்கில் கடமை ஐந்தில் ஒன்று, ஐம்பதில் ஒன்று என்று பங்கு பிரிவதே இல்லை. யாராவது ஒருவர் செய்து முடிக்கும் வரை ஒவ்வொருவர் மீதும் முழுதாகவே நிற்கிறது. பொறுப்புச் சிதறலுக்கு நேர் எதிரான கணக்கு இது.

அவசரம் என்ற திரை

நம்மைப் போன்ற குடும்பங்கள் அவசியம் அறிய வேண்டிய இன்னொரு ஆய்வு உண்டு. அமெரிக்காவின் பிரின்ஸ்டனில், கிறிஸ்தவப் போதகர்களாகப் பயிற்சி பெறும் இறையியல் மாணவர்கள் 40 பேரை வைத்து டார்லியும் டேனியல் பேட்சன் என்பவரும் செய்தது. 1973-ல் வெளியானது.

மாணவர்கள் ஒரு கட்டடத்திலிருந்து பக்கத்துக் கட்டடத்துக்குப் போய்ச் சிறிய உரை ஒன்று நிகழ்த்த வேண்டும். பாதிப் பேருக்குத் தலைப்பு, பைபிளில் வரும் நல்ல சமாரியன் கதை. வழியில் அடிபட்டுக் கிடந்தவனை மதகுருக்கள் கண்டும் காணாமல் கடந்துபோக, அந்நியன் ஒருவன் நின்று உதவிய கதை அது. மற்றவர்களுக்கு வேறு தலைப்பு. போகும் வழியில் ஒரு வாசலில் ஒருவர் கண்களை மூடிச் சரிந்து கிடந்து, இருமி முனகுவார். அவரும் ஆய்வாளர்களின் ஆள்தான்.

நேரம் நிறைய இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் நின்று உதவினார்கள். 'தாமதமாகிவிட்டது, உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள்' என்று விரட்டப்பட்டவர்களில் உதவியவர்கள் 10 சதவீதம் மட்டும். தலைப்பு எதுவானாலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. உதவுவதைப் பற்றி உரை நிகழ்த்த ஓடியவர்களில் சிலர், கிடந்தவரைத் தாண்டிக் குதித்தே போனார்கள்.

நாற்பது பேர் என்பது சிறிய எண்ணிக்கை. இதை வைத்து இறைப்பற்றுக்கே பயனில்லை என்று சிலர் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. விரட்டப்பட்டவர்களில் பலர் போய்ச் சேர்ந்தபோது கலங்கிப்போயிருந்தார்கள் என்று ஆய்வாளர்களே குறிப்பிட்டிருக்கிறார்கள். காத்திருப்பவர்களைக் கைவிடக் கூடாது என்பதும் அவர்கள் மனத்தில் ஒரு கடமையாகத்தான் இருந்தது. ஆனால் இகாமத்துக்குப் பைக்கை விரட்டும்போதும், வலீமா விருந்துக்கு நேரமாகிவிட்டது என்று காரில் பிள்ளைகளை அதட்டி ஏற்றும்போதும் நம் கண்ணுக்கு என்னென்ன படாமல் போகிறது என்று யோசிக்கத்தான் வேண்டியிருக்கிறது.

ஒருவர் அசைந்தால்

சூழல் நம்மை நிறுத்தி வைக்கிறது என்றால், அதே சூழலை மாற்றுவதற்கு எத்தனை பேர் தேவை? பெரும்பாலும் ஒருவர் போதும்.

சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1950-களில் செய்த சோதனை புகழ்பெற்றது. ஒரு கோட்டைக் காட்டி, மூன்று கோடுகளில் எது அதே நீளம் என்று கேட்பார். சின்னப் பிள்ளைக்கும் தெரியும் விடை. ஆனால் குழுவில் மற்ற அனைவரும் சொல்லி வைத்தாற்போல் தவறான விடையைச் சொல்லும்போது, உண்மையான பங்கேற்பாளர்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கு முறை அவர்களோடு சேர்ந்து தவறாகவே சொன்னார்கள். குழுவில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னதும் அந்தத் தவறு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகச் சரிந்தது. பெரும்பான்மை அப்படியேதான் இருந்தது. துணைக்கு ஒரு குரல் கிடைத்தது, அவ்வளவுதான். நிக்காஹ் பேச்சுவார்த்தையில் கைக்கூலிப் பேச்சு எழும்போது, பிடிக்காமல் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் பத்துப் பேரில் ஒரு பெரியவர் "அது வேணாம்பா" என்று சொல்லிவிட்டால் மற்றவர்களுக்கும் வாய் திறப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

2019-ல் வெளியான ஓர் ஆய்வு மேலும் நம்பிக்கை தருகிறது. இங்கிலாந்தின் லங்காஸ்டர், நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம், தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் ஆகிய ஊர்களில் பொது இடங்களில் நடந்த 219 சண்டைகளின் கண்காணிப்பு கேமரா பதிவுகளை ஆய்வாளர்கள் பார்த்தார்கள். பத்தில் ஒன்பது சம்பவங்களில் வேடிக்கை பார்த்தவர்களில் ஒருவராவது தலையிட்டிருந்தார். கூட்டம் பெரிதாக இருந்தபோது யாராவது ஒருவர் முன்வரும் வாய்ப்பும் அதிகரித்தது. தெளிவாகத் தெரியும் ஆபத்தில் மனிதர்கள் மனிதர்களாகவே நடந்துகொள்கிறார்கள். என்ன நடக்கிறது என்று விளங்காத, 'களைப்பாக இருப்பாரோ' வகை நேரங்களில்தான் பெரும்பாலும் தடுமாறுகிறோம்.

பெயர் சொல்லிக் கேளுங்கள்

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? உதவி தேவைப்படுபவர் நீங்களாக இருந்தால், "யாராவது வாங்களேன்" என்று பொதுவாகக் கத்தாதீர்கள். ஒருவரைக் கைகாட்டுங்கள். "நீலச் சட்டை தம்பி, நீங்க 108-க்கு போன் போடுங்க. அக்கா, நீங்க கொஞ்சம் தண்ணி கொண்டு வாங்க." நடப்பது ஆபத்து என்பதும், அது யார் பொறுப்பு என்பதும் இந்த ஒரே வாக்கியத்தில் தெளிவாகிவிடும்.

வாட்ஸ்அப் குழுக்களிலும் இதே கதைதான். 'அவசரமாக ஓ நெகட்டிவ் ரத்தம் தேவை' என்று இருநூறு பேர் உள்ள மஹல்லா குழுவில் செய்தி வரும். உடனே கை ஏந்தும் படங்கள் வரிசையாக வந்து விழும். எல்லோரும் துஆ செய்கிறார்கள், எல்லோரும் வேறு யாரோ கிளம்பியிருப்பார் என்று நினைக்கிறார்கள். மருத்துவமனை வராந்தாவில் நிற்பவர் ஒரு மணி நேரம் கழித்தும் போனையே பார்த்துக்கொண்டிருப்பார். குழுவில் போடுங்கள், தவறில்லை. அதோடு, தெரிந்த ஐந்து பேருக்குத் தனித்தனியே போன் செய்யுங்கள். வேலை நடப்பது பெரும்பாலும் அந்த ஐந்து அழைப்புகளில்தான்.

சாலை விபத்து என்றால் நம்மைத் தயங்க வைப்பது கூட்டம் மட்டுமல்ல, 'போலீஸ், கோர்ட்டு என்று அலையணுமே' என்ற பயமும்கூட. இந்தப் பயத்துக்கு இப்போது சட்டத்தில் இடமில்லை. விபத்தில் உதவுபவரைத் துன்புறுத்தக் கூடாது என்ற வழிகாட்டு நெறிமுறைகளை உச்ச நீதிமன்றம் 2016 மார்ச்சில் நாடு முழுவதும் கட்டாயமாக்கியது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவும் பாதுகாப்பு தருகிறது. நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது, அடிபட்டவருக்கு நேர்ந்த காயத்துக்காகவோ மரணத்துக்காகவோ வழக்குத் தொடுக்க முடியாது. பெயர், முகவரி சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தவும் கூடாது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவரின் முதல் 48 மணி நேர அவசரச் சிகிச்சைச் செலவை, குறிப்பிட்ட மருத்துவமனைகளில் அரசே ஏற்கிறது. ஆகவே பணம் யார் கட்டுவது என்று ரோட்டில் நின்று யோசிக்க வேண்டியதில்லை.

இதையெல்லாம் பிள்ளைகளிடம் சொல்வதால் பயன் உண்டா என்று கேட்கலாம். அதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1978-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கூட்டம் நம்மை எப்படித் தடுக்கிறது என்று ஒரு வகுப்பு கேட்ட மாணவர்களில் சுமார் 43 சதவீதம் பேர், இரண்டு வாரம் கழித்து, விழுந்து கிடந்த ஒருவரைக் கண்டபோது நின்று உதவினார்கள். அந்த வகுப்பைக் கேட்காதவர்களில் உதவியவர்கள் 25 சதவீதம். இன்று இரவு சஹனைச் சுற்றி உட்காரும்போது அந்தப் புகை அறைக் கதையைச் சொல்லிப் பாருங்கள். 'நீயா இருந்தா என்ன செஞ்சிருப்பே?' என்று கேளுங்கள். எங்கள் வீட்டில் சின்னவன் உடனே, "நான் ஓடியிருப்பேன்" என்றான். பெரியவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "பக்கத்துல இருக்கறவங்க சிரிப்பாங்களே அத்தா" என்றாள். அவளோடுதான் அன்று நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அந்தச் சமோசாக்காரரைப் பார்த்தேன். இரண்டு சமோசா வாங்கிக்கொண்டு, "அன்னைக்கு நாங்க இத்தனை பேரு நின்னோம், உங்களுக்கு மட்டும் எப்படித் தோணுச்சு?" என்று கேட்டேன். அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை.

"நீங்கள்லாம் நின்னதை நான் எங்க பாய் பார்த்தேன்? அப்பதான் தெருவுக்குள்ள திரும்புறேன், அவரு சாஞ்சு கெடந்தாரு" என்றார்.

எங்கள் முகங்களை அவர் பார்த்திருக்கவே இல்லை.